பாக்டீரியாவின் மேற்பரப்புப் புரதங்கள் நம் நோய் எதிர்ப்பை ஏமாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தத்துக்குள் வழிதவறி வந்துவிடும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போகின்றன. பல் தேய்க்கும்போது ஈறு கீறினால்கூடச் சில உள்ளே போகும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சில இனங்கள் மட்டும் அதே ரத்தத்தில் பிழைத்துக்கொள்கின்றன, பெருகவும் செய்கின்றன. அவற்றின் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அவை என்ன செய்கின்றன என்று மாணவர்களும் மற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேற்பரப்புப் புரதம் என்றால் என்ன?

பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் பதிந்து, சுற்றியிருக்கும் உலகைத் தொட்டுக்கொண்டிருக்கும் புரதங்கள். எங்கே, எப்படிப் பதிந்திருக்கும் என்பது பாக்டீரியாவின் கட்டமைப்பைப் பொறுத்தது. கிராம் பாசிட்டிவ் வகைக்குத் தடித்த செல்சுவர் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எல்லாம் இந்த வகை. அங்கே சார்டேஸ் என்ற நொதி, புரதத்தின் வால்பகுதியில் உள்ள ஒரு குறிப்பிட்ட அமினோ அமில வரிசையைப் பார்த்து வெட்டி, வெட்டிய முனையைச் செல்சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும். இந்த நொதி 1999-இல்தான் அடையாளம் காணப்பட்டது. கிராம் நெகட்டிவ் வகைக்குச் சுவர் மெல்லியது, ஆனால் அதற்கும் வெளியே இன்னொரு சவ்வு இருக்கும். அந்த வெளிச்சவ்வில் பீப்பாய் வடிவத்தில் செருகியோ, கொழுப்பு அமில நங்கூரத்தில் தொங்கிக்கொண்டோ புரதங்கள் இருக்கும்.

இந்தப் புரதங்களுக்கு வேறு வேலைகளும் உண்டு: திசுக்களில் ஒட்டிக்கொள்வது, இரும்புச் சத்தை இழுப்பது, உணவை உள்ளே கடத்துவது. ஒரே புரதம் இரண்டு மூன்று வேலை பார்ப்பது சகஜம்.

நம் உடல் பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது?

இது தெரியாமல் ஏமாற்று வேலை புரியாது. மூன்று கருவிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது காம்ப்ளிமென்ட். ரத்தத்தில் எப்போதும் தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கும் புரதக் கூட்டம் இது. ஜூல் போர்டே என்ற பெல்ஜிய ஆய்வாளர் இதைப் பற்றிய ஆய்வுகளை 1890-களிலேயே செய்தார், 1919-க்கான நோபல் பரிசும் பெற்றார். இதன் நடுநாயகம் சி3 என்ற புரதம். அது உடைந்தால் சி3பி என்ற துண்டு கிடைக்கும். அந்தத் துண்டு பக்கத்தில் எந்தப் பரப்பு இருக்கிறதோ அதில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சி3பி இன்னும் பல சி3-களை உடைக்க உதவும். அப்புறம் சங்கிலி வெடிபோலத்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாக்டீரியாவின் மேனி முழுக்கச் சி3பி பூசப்பட்டுவிடும். சங்கிலி இன்னும் நீண்டால் கடைசியில் சி5 முதல் சி9 வரையிலான புரதங்கள் கூடி, கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் துளை போடும்.

இரண்டாவது ஆன்டிபாடி. பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். ஆங்கில ஒய் எழுத்து வடிவம். இரண்டு கைகளும் எதிரியைப் பிடிக்கும், அடித்தண்டு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்து மற்ற படைகளைக் கூப்பிடும். அடித்தண்டின் இந்த வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், புரதம் ஏ-வைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மூன்றாவது விழுங்கும் வெள்ளணுக்கள், முக்கியமாக நியூட்ரோஃபில். வழுக்கிக்கொண்டு போகும் பாக்டீரியாவை அவற்றால் எளிதாகப் பிடிக்க முடியாது. மேலே சி3பியோ ஆன்டிபாடியோ ஒட்டியிருந்தால் அதையே கைப்பிடியாகப் பற்றி விழுங்கிவிடும். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் தடித்த சுவரில் காம்ப்ளிமென்ட் துளை போட முடியாது என்பதால், அவற்றைப் பொறுத்தவரை இந்த விழுங்கல்தான் எல்லாமே.

காம்ப்ளிமென்ட் எந்தப் பரப்பிலும் ஒட்டும் என்றால், நம் சொந்த செல்களை ஏன் தாக்குவதில்லை?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. பாக்டீரியாவின் தந்திரத்துக்குச் சாவி இங்கேதான் இருக்கிறது.

சி3பி நம் செல்களிலும் ஒட்டத்தான் செய்கிறது. ஒட்டியதும் அதை அடக்குவதற்கு ஆள் இருக்கிறது. அந்த ஆளின் பெயர் காரணி எச். 20 சிறு உருண்டைகளைக் கோத்த மணிமாலைபோல நீண்ட புரதம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் அளவில் தாராளமாகச் சுற்றுகிறது. மாலையின் முதல் நான்கு மணிகள் சி3பியைச் செயலிழக்க வைக்கும் பகுதி. கடைசி இரண்டு மணிகள், பரப்பில் சியாலிக் அமிலம் போன்ற சர்க்கரைகள் இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கும் பகுதி. மனித செல்களின் மேல் சியாலிக் அமிலம் நிறைய உண்டு. அது தட்டுப்பட்டால், "இது நம் வீட்டு ஆள்" என்று காரணி எச் அங்கேயே தங்கி, சங்கிலி வெடியை அணைத்துவிடும். சாதாரண பாக்டீரியாவின் மேல் அந்த அடையாளம் இல்லை. காரணி எச் அங்கே தங்காது, வெடி தொடரும்.

இதேபோல இன்னொரு பாதையை அடக்கும் புரதமும் உண்டு. சி3பி-யைப் போன்ற சி4பி என்ற காம்ப்ளிமென்ட் துண்டைப் பிடிப்பதால் அதற்குச் சி4பி பிணைப்புப் புரதம் என்றே பெயர். பல கைகள் கொண்ட சிலந்தி வடிவம்.

ஆக, நம்மையும் அந்நியரையும் பிரித்துக் காட்டுவது சில புரதங்கள் ஒரு பரப்பில் தங்குகின்றனவா இல்லையா என்பதுதான். அப்படியென்றால் அந்தப் புரதங்களை இழுத்துத் தன்மேல் உட்கார வைத்துக்கொள்ளத் தெரிந்த பாக்டீரியாவைக் காம்ப்ளிமென்ட் நம் செல் என்றே எண்ணிக்கொள்ளும்.

பாக்டீரியா அதை உண்மையிலேயே செய்கிறதா?

செய்கிறது. மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸின் மேல், காரணி எச்சைப் பிடிப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. பெயரும் காரணி எச் பிணைப்புப் புரதம்தான். மணிமாலையின் 6, 7-ஆம் மணிகளை அது பிடிக்கிறது. நம் உடலில் சர்க்கரைச் சங்கிலிகள் வந்து உட்காரும் இடமும் அதே மணிகளில் இருக்கிறது. 2009-இல் வெளியான படிகக் கட்டமைப்பு இதைத் தெளிவாகக் காட்டியது: நம் சர்க்கரை எப்படிக் காரணி எச்சைத் தொடுகிறதோ, அதேபோல இந்தப் புரதத்தின் அமினோ அமிலங்களும் தொடுகின்றன. சர்க்கரையின் வேலையைப் புரதத்தைக் கொண்டு நடித்துக் காட்டுகிறது.

மெனிஞ்சோகாக்கஸ் தனியாள் இல்லை. நிமோனியா தரும் நிமோகாக்கஸின் பிஎஸ்பிசி, லைம் நோய் தரும் பொரேலியாவின் சில புரதங்கள், வயிற்றுப்போக்கு தரும் யெர்சினியாவின் யாட்ஏ என்று பட்டியல் நீளும். இவை எல்லாம் ஒரே மூதாதைப் புரதத்திலிருந்து வந்தவை அல்ல, வடிவமும் வேறு வேறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பாக்டீரியாக்கள் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காரணி எச் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எம் புரதம் ஏன் இவ்வளவு பிரபலம்?

தொண்டைப்புண், சீழ்ப்புண், ருமாட்டிக் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸின் புரதம் அது. ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இதைப் பிரித்தெடுத்து 1928-இல் எழுதினார். வாழ்நாள் முழுக்க அதே பாக்டீரியாவோடு இருந்தார்.

அவர் பெயரிலேயே ஒரு சோதனை உண்டு. நல்ல ஆரோக்கியமான ஒருவரின் புது ரத்தம், அதில் கொஞ்சமே கொஞ்சம் பாக்டீரியா. குழாயை 37 டிகிரி வெப்பத்தில் மெதுவாகச் சுழலவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு சொட்டை, பாக்டீரியா வளர்க்கும் ரத்த அகார் தட்டில் பரப்பி வைத்துவிட்டு மறுநாள் காலை பார்க்கலாம். எம் புரதம் இழந்த பாக்டீரியாவின் தட்டு கிட்டத்தட்டக் காலியாகச் சிவப்பாகவே இருக்கும். எம் புரதம் உள்ள பாக்டீரியாவின் தட்டில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் எண்ண முடியாத அளவுக்கு முளைத்திருக்கும், ஒவ்வொன்றைச் சுற்றியும் ரத்தம் கரைந்த தெளிந்த வளையம் தெரியும். ரத்தம் ஒன்றுதான், வெள்ளணுக்களும் ஒன்றுதான். ஒரே ஒரு புரதம் இருப்பதும் இல்லாததும் கண்ணெதிரே இந்த வித்தியாசத்தைக் காட்டும். அதே ரத்தத்தில் அந்த எம் வகைக்கான ஆன்டிபாடியைச் சேர்த்துவிட்டால் தட்டு மறுபடி காலியாகிவிடும்.

எம் புரதம் இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு. நீளம் 50 முதல் 60 நானோமீட்டர். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாவைச் சுற்றி ரோமம் முளைத்ததுபோல இருக்கும். இந்தக் கயிற்றின் மேல் நம் புரதங்கள் வரிசையாக வந்து உட்காருகின்றன: ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென், சி4பி பிணைப்புப் புரதம், சில வகைகளில் காரணி எச், இன்னும் சிலவற்றில் ஆன்டிபாடியின் அடித்தண்டு. நம்முடைய புரதங்களாலேயே போர்வை நெய்து போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வைக்குள் சி3பி ஒட்ட இடம் குறைவு. எம்1 என்ற வகை, எல்எல்-37 என்ற நம் கிருமிக்கொல்லிப் புரதத் துணுக்கையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, அது பாக்டீரியாவின் சவ்வுவரை போய்ச் சேரவே விடுவதில்லை.

எம் புரதத்துக்கு ஆன்டிபாடி வந்துவிட்டால் திரும்பத் தொண்டைப்புண் வராதா?

அதே வகை வராமல் இருக்கலாம். ஆனால் எம் புரதத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கயிற்றின் வெளிநுனிதான் வகைக்கு வகை மாறுகிறது, ஆன்டிபாடி நன்றாகப் பிடிப்பதும் அந்த நுனியைத்தான்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. சி4பி பிணைப்புப் புரதத்தைப் பிடிப்பதும் அதே மாறும் நுனிதான். இப்படித் தலைகீழாக மாறிக்கொண்டே இருந்தால் பிடிமானம் எப்படித் தப்பிக்கிறது? 2016-இல் வந்த கட்டமைப்பு ஆய்வு பதில் சொன்னது. வரிசையை மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுமையே தெரியாது. ஆனால் முப்பரிமாணத்தில் வைத்துப் பார்த்தால், மனிதப் புரதத்தைத் தொடும் சில இடங்களில் மட்டும் ஒரே தன்மையுள்ள அமினோ அமிலங்கள் ஒளிந்திருக்கின்றன. சுற்றியிருப்பதை எல்லாம் மாற்றிவிட்டு, பிடியை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது.

எனக்கு இதுதான் முழு விஷயத்தின் உயிர்நாடி. மனிதப் புரதத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் அந்தப் பிடியை மாற்ற முடியாது. மாற்ற முடியாத இடம் எங்கேயோ, அங்கேதான் நாம் அடிக்க முடியும்.

புரதம் ஏ ஆன்டிபாடியைத் தலைகீழாகப் பிடிக்கிறது என்கிறார்களே?

ஆமாம். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் சுவரில் பதிந்திருக்கும் புரதம் ஏ, ஐஜிஜி வகை ஆன்டிபாடியை அதன் அடித்தண்டில் பற்றுகிறது. 1966-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ஒரு புரதம் ஏ-வில் இப்படிப் பிடிக்கும் உருண்டைகள் ஐந்து.

ஆன்டிபாடியின் கைகள் எதிரியைப் பிடித்து, தண்டு வெளியே நீட்டினால்தான் வெள்ளணுவுக்குக் கைப்பிடி கிடைக்கும் என்று முன்பே சொன்னேன். இங்கே தண்டு உள்பக்கம் மாட்டிக்கொண்டு கைகள் வெறுமனே வெளியே ஆடிக்கொண்டிருக்கும். வெள்ளணுவுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை, காம்ப்ளிமென்ட்டைத் தொடங்கி வைக்கும் சி1க்யூ வந்து உட்காரவும் இடம் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், ஆய்வகங்களில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸை அடையாளம் காணச் செய்யும் லேடெக்ஸ் சோதனையைப் பாருங்கள். ஐஜிஜியும் ஃபைப்ரினோஜெனும் பூசிய நுண்ணிய ரப்பர் மணிகள் பால்போலக் கலங்கலாக இருக்கும். அட்டையில் ஒரு சொட்டு வைத்து, தட்டிலிருந்து ஒரு காலனியை, அதாவது ஒன்றாகப் பெருகிய பாக்டீரியாத் திரளை, குச்சியில் எடுத்துக் கலக்கி, அட்டையை மெதுவாக ஆட்ட வேண்டும். அரை நிமிடத்துக்குள் பால் திரிந்ததுபோலத் துகள் துகளாகக் கட்டிவிடும். புரதம் ஏ ஐஜிஜியைப் பிடிக்கிறது, கட்டியாக்கும் காரணி என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம் ஃபைப்ரினோஜெனைப் பிடிக்கிறது. நம்மிடமிருந்து தப்பிக்க அது வைத்திருக்கும் கருவியே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாணவராக இருந்தபோது முதன்முதலில் இதைச் செய்து பார்த்த அன்று, பாடத்தில் படித்த ஒரு வரி கைக்கெட்டும் பொருளாக மாறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

புரதம் ஏ இன்னொரு காரியமும் செய்கிறது, அதன் விளைவு நீண்டது. ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களின் மேல் உள்ள ஏற்பிகளில் ஒரு பெரிய குடும்பத்தையும் அது பிடித்து, அந்த செல்களை அர்த்தமில்லாமல் தூண்டிவிடுகிறது. உடல் சரியான இலக்குகளை விட்டுவிட்டுத் திசைமாறிப் போகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்று ஒருமுறை வந்து ஆறியவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆன்டிபாடியிலிருந்து தப்பிக்கப் பாக்டீரியா புரதத்தையே மாற்றிக்கொள்ளுமா?

இதில் வெட்டை நோய் தரும் கொனோகாக்கஸை மிஞ்ச ஆளில்லை. அந்த நோய் ஒருவருக்கு ஒருமுறை வந்து குணமானாலும், அதன் பிறகு பாதுகாப்பு கிடைப்பதில்லை. மறுபடி மறுபடி வரும்.

கொனோகாக்கஸின் மேல் பிலஸ் என்ற நீண்ட இழைகள் உண்டு. அந்த இழைக்கான புரதத்தை உண்டாக்கும் மரபணு ஒன்றுதான். ஆனால் அதே மரபணுவின் அரைகுறைப் பிரதிகள் பல, வெளிப்படாமல் மரபணுத் தொகுப்பில் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வப்போது ஒரு பிரதியின் துண்டு செயல்படும் மரபணுவுக்குள் நகலெடுக்கப்படும். இழையின் வெளித்தோற்றம் மாறிவிடும். நேற்று உருவான ஆன்டிபாடிக்கு இன்றைய இழை அந்நியம்.

அடுத்து ஓப்பா புரதங்கள். இவற்றுக்குப் பதினொன்று வாக்கில் மரபணுக்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் சிடிசிடிடி என்ற ஐந்தெழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும். டிஎன்ஏ நகலெடுக்கும்போது இந்த மாதிரித் தொடர்களில் நொதி வழுக்கி, ஓர் ஐந்தெழுத்தைக் கூட்டியோ குறைத்தோ விடும். மரபணுவை மூன்று மூன்று எழுத்துகளாகத்தான் படிக்க வேண்டும். ஐந்தெழுத்து கூடினாலோ குறைந்தாலோ மூன்றின் கணக்கு தவறி, அதற்குப் பின் உள்ள செய்தி முழுக்கக் குழம்பிவிடும், புரதம் நின்றுவிடும். இன்னொரு முறை வழுக்கினால் கணக்கு சரியாகி மறுபடி உயிர்பெறும். பதினொன்றும் தனித்தனியாக இப்படி அணைந்து எரிவதால், ஒரே காலனியில் பிறந்த பாக்டீரியாக்கள்கூட வேறு வேறு முகத்தோடு இருக்கும். இதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. பிழை நடக்க வசதியான இடத்தில் மரபணு உட்கார்ந்திருக்கிறது, பிழைப்பதை உடல் தேர்ந்தெடுக்கிறது.

மீள்காய்ச்சல் தரும் பொரேலியா ஹெர்ம்சியையும் இதில் சேர்க்க வேண்டும். காய்ச்சல் வரும், ஆன்டிபாடி உருவாகும், காய்ச்சல் விடும், சில நாளில் திரும்ப வரும். ஒவ்வொரு காய்ச்சலிலும் ரத்தத்தில் இருப்பது வேறு மேற்பரப்புப் புரதம் அணிந்த கூட்டம்.

பாக்டீரியாவின் உறையும் புரதம்தானா?

பெரும்பாலும் இல்லை. கேப்சூல் எனப்படும் உறை சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவின் உறை மட்டும் குளூட்டாமிக் அமிலச் சங்கிலியால் ஆனது. உறையும் புரதமும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. எது முக்கியம் என்று ஒற்றை வரியில் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன், இனத்துக்கு இனம் மாறும்.

தப்பிப்பது தவிர, தாக்கும் மேற்பரப்புப் புரதங்களும் உண்டா?

உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சுவரில் பதிந்த இரண்டு கத்தரிகள் நல்ல உதாரணம். ஒன்று காம்ப்ளிமென்ட்டின் சி5 உடையும்போது வரும் சி5ஏ துண்டை வெட்டும், இன்னொன்று இன்டர்லூக்கின்-8 என்ற செய்திப் புரதத்தை வெட்டும். இரண்டுமே "இங்கே வாருங்கள்" என்று நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும் அபாய மணிகள். மணி அறுந்தால் படை வரத் தாமதமாகும், அந்த இடைவெளியில் பாக்டீரியா பெருகிவிடும்.

லிஸ்டீரியாவின் ஆக்ட்ஏ இன்னொரு ரகம். இந்தப் பாக்டீரியா நம் செல்லுக்குள்ளேயே போய் வாழும். ஆக்ட்ஏ பாக்டீரியாவின் ஒரு முனையில் திரண்டு, நம் செல்லின் ஆக்டின் புரதத்தை இழை இழையாகக் கோக்க வைக்கும். பின்னால் வளரும் அந்த வால் பாக்டீரியாவை முன்னால் தள்ளும். வால்நட்சத்திரம் மாதிரி செல்லுக்குள் ஓடி, பக்கத்துச் செல்லின் சவ்வை முட்டி, அதற்குள்ளும் நுழைந்துவிடும். ஆன்டிபாடி இருக்கும் வெளியுலகில் கால் வைக்காமலே செல்விட்டுச் செல் போகிறது.

இதுவும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் ஒன்றா?

இல்லை, வேறு வேறு. மருந்துக்கு முழுமையாகக் கட்டுப்படும் பாக்டீரியாகூட நம் நோய் எதிர்ப்பை மிகத் திறமையாக ஏமாற்றலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் இன்றுவரை பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது, ஆனாலும் உயிரைப் பறிக்கும் தொற்றுகளைத் தருகிறது. மருத்துவர் எழுதிய மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது என்பது இங்கேயும் பொருந்தும்.

இந்தப் புரதங்கள் எலிகளில் வேறுமாதிரி நடந்துகொள்கின்றன என்பது உண்மையா?

உண்மை, இதனால் பல வருட உழைப்பு திசைமாறியிருக்கிறது. மெனிஞ்சோகாக்கஸின் பிணைப்புப் புரதம் மனிதக் காரணி எச்சைப் பிடிக்கும், எலியுடையதைப் பிடிக்காது. எம் புரதத்துக்கும் மனிதப் புரதங்கள்தான் வேண்டும். அதனால் சாதாரண எலியில் பாக்டீரியா ஒரு கை கட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. அங்கே அருமையாக வேலை செய்யும் தடுப்பூசி மனிதரிடம் அப்படியே வேலை செய்யும் என்று நம்ப முடியாது. இப்போது மனிதக் காரணி எச்சைச் சுமக்கும்படி மரபணு மாற்றிய எலிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

இவற்றை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியுமா?

மெனிஞ்சோகாக்கஸ் பி வகையில் முடிந்தது. அதன் சர்க்கரை உறை நம் நரம்புத் திசுவில் உள்ள சர்க்கரையைப் போலவே இருப்பதால், உறையை வைத்துத் தடுப்பூசி செய்யும் வழி அடைபட்டிருந்தது. இத்தாலியத் தடுப்பூசி ஆய்வாளர் ரினோ ரப்புவோலியின் குழு வேறு வழியில் போனது. பாக்டீரியாவின் முழு மரபணு வரிசையைப் படித்து, வெளியே தெரியக்கூடிய புரதங்கள் எவை என்று கணினியில் ஊகித்து, சுமார் 350 புரதங்களை ஈ.கோலை என்ற ஆய்வகப் பாக்டீரியாவில் தயாரித்துச் சோதித்தார்கள். வரிசையும் முடிவுகளும் 2000-இல் வெளியாயின. அந்த வழியில் வந்த தடுப்பூசிக்கு 2013-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2014-இல் அமெரிக்கா அனுமதித்த இன்னொரு தடுப்பூசியில் காரணி எச் பிணைப்புப் புரதத்தின் இரண்டு வடிவங்கள் மட்டுமே உள்ளன. இந்தப் புரதத்தின் மேல் ஆன்டிபாடி உட்கார்ந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: பாக்டீரியாவின் மேல் குறி விழுகிறது, காரணி எச் உட்காரும் இடமும் அடைபடுகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. ஊசியில் போகும் புரதமும் உடலுக்குள் காரணி எச்சைப் பிடித்துக்கொள்ளும், அதனால் தன் ஒரு பக்கத்தை மறைத்துக்கொள்ளும். பிடிக்காதபடி ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய வடிவம், மனிதக் காரணி எச் கொண்ட எலிகளில் இன்னும் நல்ல ஆன்டிபாடிகளைத் தந்திருக்கிறது.

எதிர்பாராத ஒரு நன்மையும் வந்தது. நியூசிலாந்தில் மெனிஞ்சோகாக்கஸ் பி வகைக்காகப் போடப்பட்ட வெளிச்சவ்வுத் தடுப்பூசி, வெட்டை நோயையும் சுமார் 31 சதவீதம் குறைத்ததாக 2017-இல் வெளியான ஆய்வு சொன்னது. இரண்டும் நெருங்கிய உறவுப் பாக்டீரியாக்கள், வெளிச்சவ்வுப் புரதங்களில் பல ஒத்துப்போகும்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கதை சோகமானது. இரும்பு இழுக்கும் மேற்பரப்புப் புரதம் ஒன்றை வைத்துச் செய்த தடுப்பூசியை, இதய, மார்பு அறுவை சிகிச்சைக்கு முன் சுமார் 8,000 பேரிடம் சோதித்தார்கள். பலன் கிடைக்கவில்லை. அதோடு, ஊசி போட்டும் தொற்று வந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததால் 2011-இல் நிறுத்தினார்கள். கட்டியாக்கும் காரணியையும் உறைச் சர்க்கரைகளையும் சேர்த்த இன்னொன்று, முதுகெலும்பு அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் பலன் தராமல் 2018-இல் நின்றது. நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே இந்தப் பாக்டீரியாவைச் சந்தித்து, அதற்கு ஏற்கெனவே ஆன்டிபாடி வைத்திருக்கிறோம். அது போதவில்லை என்பதுதான் பிரச்சினையே. புரதம் ஏ-வை நச்சுத்தன்மை இல்லாமல் மாற்றித் தடுப்பூசியில் சேர்க்கும் யோசனை இங்கிருந்து வந்ததுதான், எனக்கும் அதில்தான் நம்பிக்கை அதிகம்.

எம் புரதத்தில் ஏன் இன்னும் தடுப்பூசி வரவில்லை?

பயம் ஒரு காரணம். எம் புரதத்தின் சில பகுதிகள் நம் இதயத் தசையின் மயோசினைப் போல இருக்கும். அதற்கு எதிராக எழும் நோய் எதிர்ப்பு இதயத்தையும் தாக்குவதுதான் ருமாட்டிக் காய்ச்சலின் அடிப்படை என்று கருதப்படுகிறது. 1960-களில் பழைய தடுப்பூசி போட்ட குழந்தைகள் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்ததை அடுத்து, 1979-இல் அமெரிக்கா இந்த வகைத் தடுப்பூசிகளுக்குத் தடை போட்டது. 2000-களின் நடுவில்தான் தடை விலகியது. இடைப்பட்ட காலத்தில் இந்தத் துறைக்கு வர வேண்டிய ஆட்களும் பணமும் வரவில்லை. இதயத்தோடு ஒத்துப்போகாத துண்டுகளை மட்டும் எடுத்துச் செய்யும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன.

தடுப்பூசியிலிருந்தும் பாக்டீரியா தப்பிக்குமா?

தப்பிக்கும். கக்குவான் இருமலுக்கான புதிய வகைத் தடுப்பூசிகள் பலவற்றில் பெர்டாக்டின் என்ற மேற்பரப்புப் புரதம் உண்டு. அந்தத் தடுப்பூசி பரவலாக உள்ள நாடுகளில், பெர்டாக்டினையே கைவிட்ட கக்குவான் பாக்டீரியாக்கள் பெருகியிருக்கின்றன. தடுப்பூசி இன்னும் காப்பாற்றுகிறது, ஏனென்றால் அதில் மற்ற கூறுகளும் இருக்கின்றன. ஒற்றைப் புரதத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதை எப்போதும் எடுத்துச் சொல்வேன். அதிலும், பாக்டீரியாவால் இல்லாமல் வாழ முடிகிற புரதத்தை நம்பவே கூடாது.

இந்தப் பாக்டீரியாக்கள் உடலில் இருந்தாலே நோய் வருமா?

வராது. சுமார் 10 சதவீதம் பேரின் தொண்டையில் மெனிஞ்சோகாக்கஸ் சும்மா குடியிருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏறக்குறைய 30 சதவீதம் பேரின் மூக்கில் உண்டு. இந்தப் புரதங்கள் அவற்றுக்கு முதலில் உதவுவது மூக்கிலும் தொண்டையிலும் அமைதியாகத் தங்கி, அடுத்தவருக்குப் பரவத்தான். ரத்தத்துக்குள் போய் ஆளைக் கொல்வதில் பாக்டீரியாவுக்கு லாபம் எதுவும் இல்லை.

ஆனால் சி5 முதல் சி9 வரையிலான காம்ப்ளிமென்ட் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும், சி5-ஐத் தடுக்கும் எகுலிசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் கதை வேறு. மெனிஞ்சோகாக்கஸ் நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். ஊசி போட்டிருந்தாலும், காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் ஒரு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் புரதங்களால் நமக்கு ஏதாவது பயன் உண்டா?

புரதம் ஏ இல்லாமல் இன்றைய ஆன்டிபாடி மருந்துத் தொழிலை நினைத்துப் பார்க்கவே முடியாது. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் ஆன்டிபாடிகளை வளர்ப்புச் செல்களின் குழம்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். புரதம் ஏ பதித்த மணிகள் நிறைந்த குழாய் வழியாக அந்தக் குழம்பை விடுவார்கள். மற்ற எல்லாம் வழிந்தோடும், ஆன்டிபாடி மட்டும் அடித்தண்டில் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் அமிலத்தன்மை கூடிய, பிஎச் 3 வாக்கில் உள்ள கரைசலை விட்டால் பிடி தளர்ந்து, சுத்தமான ஆன்டிபாடி கீழே இறங்கும்.